மேலே இருக்குற சத்தமெல்லாம் உன்னுது

அக்கா,

இன்று காலை கடையில் ஹெட்போனுக்குப் புது மெத்தை மாற்றினேன். பழையது வெடித்து, கறுப்புத் தோல் உதிர்ந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இடது பக்கத்து மெத்தையைப் பிரித்தபோது தையல் இடுக்கில் வெள்ளையாக மாவு போல ஏதோ இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். பீங்கான் மண். பீங்கான் கம்பெனியிலிருந்து நேராக வந்து, கையை மட்டும் கழுவிவிட்டு, தலையைத் தட்டாமலேயே அதை எடுத்து மாட்டிக்கொள்வாய். துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ எனக்குச் சொந்தமில்லை. ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கு பி.எஃப். படிவம் நிரப்ப வந்தவள். அப்போது உனக்கு நாற்பது இருக்கும்; எனக்கு நாலு வயது குறைவு. மேசை ஓரத்தில் ஒரு கீபோர்டு கிடந்தது. மகளுக்கென்று வாங்கி, அவள் ஒரே மாதத்தில் வேண்டாமென்று ஒதுக்கியதை நான் கம்ப்யூட்டரோடு இணைத்து ஏதோ செய்துகொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத தொடலாமா?" என்று கேட்டாய். ஒற்றை விரலால் ஒரு மெட்டை வாசித்தாய். இரண்டு இடத்தில் தடுக்கியது. திரும்பி வந்து சரி செய்தாய். யாருடைய பாட்டு என்று கேட்டேன்.

"யாருதும் இல்லம்மா. அச்சுல மண்ணு ஊத்திட்டு அது இறுகற வரைக்கும் சும்மாத்தான நிக்கணும். அப்ப வந்துது."

உன்னிடம் மெட்டு இருந்தது, என்னிடம் மெஷின். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார ஆரம்பித்தோம். அந்த மென்பொருளில் நாம் வாசிப்பது சத்தமாகப் பதிவாகாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினோம் என்பது மட்டும் சின்னச் சின்னக் கோடுகளாகத் திரையில் விழும். அது வீணையா, வயலினா என்பதைப் பிறகு பட்டியலிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும். எட்டு டிராக் என்றால் எட்டுக்கும் தனித்தனியாக. பட்டியலில் நூற்று இருபத்தெட்டுப் பெயர்கள், எல்லாம் இங்கிலீஷில். நீ பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டாய். புல்லாங்குழல் எழுபத்து நாலு. கனத்த குரல் வயலின் மாதிரி இருக்கிற செல்லோ நாற்பத்து மூணு. நாதஸ்வரம் பட்டியலில் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் எண் ஷெனாயைப் போடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "அது சளி புடிச்ச நாயனம். வேணாம்" என்றாய்.

எனக்கு இருந்த பழக்கம், ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகத் தட்டிக் கேட்டு, பிடித்ததைப் போடுவது. எல்லாவற்றையும் அப்படிப் போட்டு முடித்தால் பாட்டு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். நீதான் வழி சொன்னாய். "தனியா கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கூட்டத்துல வுட்டு கேளு." பாட்டை ஓடவிட்டபடியே நான் ஒரு டிராக்கின் சத்தத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போக, நீ கண்ணை மூடிக்கொண்டிருப்பாய். தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லாததைப் போலிருக்கும் ஏதோ ஒன்று வரும்போது கையைத் தூக்குவாய். அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளி ஆண்டு விழா நடனங்களுக்குப் பாட்டு செய்தோம். ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் பாட்டு. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

நாலாம் வருடம்தான் நீ மாறியதைக் கவனித்தேன். புல்லாங்குழல் போட்டால் போதும் என்ற இடத்தில் எழுபத்து மூணு கேட்டாய். அது பிக்கலோ, விசில் மாதிரி மேலே ஏறி நிற்பது. போட்டால், "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பாய். எனக்கே காது கூசியது. ஒரு நடன ஆசிரியை சி.டி.யைத் திருப்பி அனுப்பாத குறையாக போன் செய்து, "மேடம், காதுல குத்துது" என்றார். உன் ரசனை மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌஸ் தவறிப் பட்டு, மணி போல ஒலிக்கிற ஒரு டிராக் முழுவதும் அணைந்துவிட்டது. எனக்குத் தெரிகிறது, மணி இல்லை. நீ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாய். பாட்டு முடிந்ததும், "மணி இப்பத்தான் சரியா உக்காந்திருக்குது" என்றாய்.

பிக்கலோவை ஏன் ஏற்றச் சொன்னாய் என்பது அப்போதுதான் புரிந்தது. நீ வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் அரவை மில் ஓடும். மண்ணையும் கல்லையும் போட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை. ஒருமுறை உனக்குச் சாவி கொடுக்க வந்து ஐந்து நிமிடம் நின்றதற்கே அன்று முழுக்க என் காதில் இரைந்தது. நீ பதினெட்டு வருடமாக அதன் பக்கத்தில் நிற்கிறாய்.

நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. நீ போன பிறகு பிக்கலோவை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலைப் போட்டேன். மணியைப் பாதியாகக் குறைத்தேன். வெளியே கொடுப்பது அந்தப் பிரதி. உனக்குக் காட்டுவது பழைய பிரதி. உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினேன்.

பெண்ணாடத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். பகல் நேர விழா. நம் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடி முடித்ததும், முன்பு போன் செய்த அந்த நடன ஆசிரியை வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, அந்த விசில் சத்தத்த எடுத்துட்டீங்க. எப்பவும் போல மேடம் மாத்திக் குடுத்துட்டாங்க" என்றார். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்து நின்றன. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

"எவ்ளோ நாளா மாத்தற?"

சொன்னேன்.

"எதுக்கு மாத்தற?"

மணி அணைந்துபோன கதையைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாய்.

"அப்ப என் காது போச்சுன்னு உனக்குத் தெரியும். அந்த டீச்சருக்குக்கூட ஏதோ தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் தெரியக்கூடாது. அப்படித்தான?"

"கஷ்டப்படுவீங்கன்னு..." உன்னை நீ, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்று பயத்தில் "நீங்க" என்றேன்.

"கஷ்டப்படறது என் வேலை. சொல்றது உன் வேலை. ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா அந்த மில்லு பக்கத்துலேர்ந்து அப்பவே தள்ளிப் போயிருப்பேன்டி."

பாட்டைத்தான் கெடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஸ்டாண்டில் இறங்கியதும், "போயிட்டு வரேன்" என்று கூடச் சொல்லாமல் ஆட்டோ ஏறிவிட்டாய்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. பத்தாவது வாரம் நானே உன் வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போனாய். கதவைச் சாத்தப்போகிறாய் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தோடு வந்தாய். காது பரிசோதனை செய்த சீட்டு. அதில் ஒரு கோடு நேராகப் போய், கடைசியில் மொட்டை மாடியிலிருந்து விழுந்தது போலக் கீழே இறங்கியிருந்தது.

"மேல இருக்குற சத்தம் போனது போனதுதானாம். திரும்பாதாம். இருக்கறத காப்பாத்திக்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பெயின்டிங் செக்ஷன்ல கேட்டு வாங்கிட்டேன். அங்க மில்லு சத்தம் வராது."

"மன்னிச்சுடுக்கா" என்றேன்.

"அத வுடு. டீ போடறேன், குடிச்சுட்டுப் போ" என்றாய். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நீயே ஒப்பந்தம் பேசினாய். "இனிமே கீழ இருக்குற சத்தமெல்லாம் என்னுது. மேல இருக்குற சத்தமெல்லாம் உன்னுது. ஆனா நீ எத போட்டாலும் எங்கிட்ட வாயால சொல்லணும். எப்படி இருக்குதுன்னு சொல்லணும்."

அது எவ்வளவு கடினம் என்று அடுத்த ஞாயிறே தெரிந்தது. ஒரு மணிச் சத்தத்தைப் போட்டுவிட்டு, "நல்லா இருக்குதுக்கா" என்றேன். "நல்லான்னா? கோயில் மணியா, ஐஸ் வண்டி மணியா?" என்றாய். யோசித்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் பட்டது போல என்றேன். "அப்ப வேணாம். இந்தப் பாட்டுல யாரும் சாப்பிடல" என்றாய். இன்னொன்று போட்டேன். கொலுசு கழற்றித் தரையில் வைக்கிற மாதிரி என்றேன். "அது சரி. வெய்யி."

அதற்குப் பிறகு செய்தவைதான் நம் நல்ல பாட்டுகள். கம்பெனிப் பொங்கலுக்குச் செய்த கும்மி ஞாபகம் இருக்கிறது. தாளத்தையும் நாற்பத்து மூணாம் எண் செல்லோவையும் நீ வைத்தாய், அதற்கு மேல் ஒற்றைக் குழலை நான் வைத்தேன். மண் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு முற்றத்தில் அத்தனை பெண்களும் ஆடினார்கள். நீ ஆடாமல் என் பக்கத்தில் வந்து நின்று, "குழல் இப்ப எங்க போவுது?" என்று கேட்டாய். நான் உன் காதருகே சொல்லிக்கொண்டே வந்தேன்: இறங்குது, நிக்குது, இப்ப மறுபடி ஏறுது. பாட்டு முடிகிறவரை என் கையை விடவில்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் நீ இல்லை. மருத்துவமனை வாசலில் நின்று உன் மகன் போனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அழுதது ஒரு வாரம் கழித்து, கடையில், யாரோ ஆதார் நகல் கேட்டபோது.

வேலை நிற்கவில்லை. போன வாரம் ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். மனைவி நினைவுக்குத் தானே எழுதிய பாட்டைத் தானே பாடிப் பதிய வேண்டுமாம். பாடினார். சரணத்தில் ஒவ்வொரு முறையும் சுருதி விலகியது. அவர் போன பிறகு மென்பொருளில் இழுத்துச் சரி செய்துவிடலாம். பத்து நிமிட வேலை, அவருக்குத் தெரியவே தெரியாது. என் கை மௌஸுக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டேன்.

"சார், சரணத்துல சுருதி கீழ போவுது" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருசமா பாடறேன். யாரும் சொன்னதில்லயேம்மா" என்றார்.

"மெஷின்ல நான் சரி பண்ண முடியும் சார். உங்களுக்குத் தெரியாம பண்ண மாட்டேன். பண்ணட்டுமா, நீங்களே இன்னொரு வாட்டி பாடறீங்களா?"

தண்ணீர் கேட்டார், குடித்தார். மறுபடி பாடினார்.

அப்போதும் சரியாக வரவில்லை, அக்கா. அதையும் சொன்னேன்.