அரை விநாடி மிச்சம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம். முகத்து வீக்கம் வடிந்துவிட்டது, நேற்றிலிருந்து தானே எழுந்து நடக்கிறாள், என்னை அதட்டவும் தொடங்கிவிட்டாள். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. போனில் பேசினால் மீட்டிங் என்று வெட்டிவிடுகிறாய், அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். கடைசி வரி வரை படி.

நடந்ததை நீ பாதிதான் கேட்டாய். துணி காயப்போடும் கம்பி கிழித்த கை சீழ் வைத்து, அம்மாவைக் காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தேன். அனுமதிச் சீட்டில் முத்திரை வாங்க நான் கீழே போன நேரம் வார்டில் ஒரு நர்ஸ் கணினியைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வாமை: இல்லை என்று திரை சொன்னது. அம்மாவிடமும் கேட்டிருக்கிறாள், காய்ச்சல் மயக்கத்தில் அம்மா என்னமோ தலையாட்டியிருக்கிறாள். பென்சிலின் ஏறியது. நான் மாடிக்கு வந்தபோது உன் அம்மாவின் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை, மூச்சு விசிலடித்தது. டாக்டர் பக்கத்து அறையில் இருந்தது நம் நல்ல நேரம். பென்சிலின் ஆகாது என்ற பதிவை பத்து வருடம் முன்பு என் கையாலேயே தரவுத்தளத்தில் ஏற்றினேன். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதிக் கொடுத்த நிரலைப் பார்த்துக்கொள்ள உங்கள் கம்பெனியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் அந்த டை கட்டிய அரைவேக்காடு, நெட்வொர்க் ஸ்லோ சார் என்று பல்லிளித்தான். இருபத்திரண்டு வருடம் இதே கணினிப் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் அந்தக் கதை. நிரலைத் திறந்தேன். நோயாளியின் பக்கம் திறந்ததும் தரவுத்தளத்திடம் ஒரே தடவையில் மூன்று கேள்வி கேட்கிறீர்கள்: ஆள் யார், பழைய சிகிச்சை என்ன, ஒவ்வாமை உண்டா. பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அதுவரை நிரல் கைகட்டி நிற்காமல் வேறு வேலை பார்க்கும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பதிலையும் படிக்கும் இடத்தில் வரும்வரை காத்திரு என்று ஒரு சொல் போட வேண்டும். முதல் இரண்டுக்கும் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை. பதில் வராத அந்த இடைவெளியில் திரையை எதைக்கொண்டு நிரப்பினாய்? "இல்லை" என்று. பதில் பிறகு வந்தாலும் அந்த "இல்லை" மாறாது. இன்னும் தெரியாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் வித்தியாசம் தெரியாத மேதைக்கு நான் கடன் வாங்கிப் படிப்புக்குப் பணம் கட்டினேனா என்று நினைத்துக்கொண்டேன்.

மறந்துவிட்டாய் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்ற குறிப்பில் உன் பெயரோடு எழுதியிருக்கிறது, மூன்றாவது காத்திருப்பு நீக்கப்பட்டது, திரை அரை விநாடி முன்பே திறக்கும் என்று. அதற்குத்தான் கம்பெனி உனக்குப் பரிசாகக் கொடுத்த அந்தக் கண்ணாடிக் கேடயமா? நீ அதை ஏந்தி நிற்கும் படத்தைக் கேன்டீனில் நாலு பேருக்குக் காட்டித் தம்பட்டம் அடித்த முட்டாள் நான். பத்து நோயாளிகளை வைத்துச் சோதித்தால் மூன்றாவது பதிலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு நாற்பது கவுன்ட்டரும் ஒன்றாகத் தட்டும்போது வராது. அந்த அரை விநாடியை மிச்சம் பிடித்து என்னம்மா செய்தீர்கள், டீ குடித்தீர்களா?

இதில் பாதியைப் போனில் சொன்னபோதே நீ சொன்ன ஒரே பதில், "அதை டெஸ்டிங் டீம் பாத்திருக்கணும்பா." அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாய். இந்தச் சப்பைக்கட்டை யாரிடம் கற்றாய் என்று தெரியவில்லை, நம் வீட்டில் இல்லை.

எங்கள் கண்காணிப்பாளர் இன்னும் பெரிய ஆள். மேசையில் தூசு இருந்தாலே நர்சுகளுக்கு மெமோ கொடுப்பவர், இதை விடுவாரா. அந்தப் பெண்ணைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டார், திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. பிறகு வேலையே போய்விடும். படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னாள், "ஸ்கிரீன்ல இல்லைன்னு இருந்துச்சு சார், அதத்தான் நம்பினேன்." அது யார் எழுதிய திரை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் இறங்கி வந்தேன். நானும் உன் அப்பன்தானே, வேறு எப்படி இருப்பேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. விசாரணைக்குத் தானே போய், "எனக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்று நர்சிடம் நல்ல நினைவோடுதான் சொன்னேன், தப்பு என் மேல்தான்" என்று சொல்லப் போகிறாளாம். அந்தப் பெண்ணும் தப்பிப்பாள், நம் பெண்ணும் தப்பிப்பாள் என்கிறாள். ஊசி குத்திய தழும்போடு உட்கார்ந்து, கண்ணாடி முன் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். பாதியில் மாட்டிக்கொண்டு அந்த அறையில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்தாதே. அந்த ஒரு சொல்லை இன்றே போட்டுவிடு, இன்னும் எத்தனை ஊரில் அந்தத் திரை ஓடுகிறதோ. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். கண்காணிப்பாளரின் மின்னஞ்சல் முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். திங்கள் பத்து மணிக்கு நான்தான் அம்மாவைக் கைபிடித்து அந்த அறைக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன் உண்மையைச் சொல்லும் உன் கடிதம் அங்கே வந்திருந்தால், அவளை வாசலோடு திருப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா