கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்
கொக்கியண்ணன் வருகிறார், நம்ம கடற்கரைக்கே வருகிறார், இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, இப்போதுதான் நேரலையில் சொன்னார், நான் போட்ட கூச்சலில் அம்மா தையல் மெஷினில் விரலைக் கொடுக்கப் பார்த்தார்!!!

கரையில் நின்றே திருக்கை மீன் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. முடிச்சுப் போடுவது, இரை கோப்பது, தூண்டில் ராடு வீசுவது எல்லாமே நான் அவர் வீடியோ பார்த்துக் கற்றதுதான். அவர் ரசிகர்கள் நாங்கள்தான் கொக்கிப்படை. அன்றைக்கு ஆகப் பெரிய திருக்கை பிடிக்கிற கொக்கிப்படை ஆள், அவர் சேனலில் அவர் பக்கத்தில் நின்று, அவருடைய போஸில் அதைத் தூக்கிக் காட்டலாமாம். அந்த போஸ் படைக்கே அடையாளம். திருக்கையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டைகளில் விரலை விட்டு, கடைப்பை மாதிரி தூக்குவது. ‘கைப்பிடி’ என்போம். நான் பதினொன்று தூக்கியிருக்கிறேன். பதினொன்றுக்கும் போட்டோ உண்டு.

அந்தப் பன்னிரண்டாவது சேனலில்தான். நான்தான். வேற யாரு?

மார்ச் 8, ஞாயிறு
காலையில் தூண்டில் ஈயக்குண்டு கல்லில் மாட்டிக்கொண்டது. எடுக்க முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஓரடி தள்ளி மணலில் ஒரு திருக்கை புதைந்து கிடந்தது. உடம்பு தெரியவில்லை. கண்ணும் அந்த இரண்டு ஓட்டையும் மட்டும் வெளியே.

ஓட்டை திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

கால் மரத்துப்போகும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வாய் அடியில் மணலோடு இருப்பதால், மூச்சுக்குத் தண்ணீர் எடுப்பது மேலே இருக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அக்காவிடம் சொன்னேன். ரொட்டியைக் கடித்தபடியே சொன்னாள்: “உன் மூக்குல ரெண்டு விரலை விட்டுத் தூக்கி நானும் ஒரு போட்டோ எடுக்கவாடி?”

சிரிப்பு வரவில்லை. பதினொன்று.

மார்ச் 9, திங்கள்
கொக்கியண்ணன் வீடியோவின் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். ‘அண்ணே, அது மூச்சு விடற ஓட்டை. விரல் விட்டா காயமாகும். போஸை மாத்தலாமாண்ணே?’

மாலையில் பதில். ‘தங்கச்சி, நான் பதினஞ்சு வருஷமா பிடிக்கிறேன். நீ?’ அதற்குக் கீழே முந்நூறு சிரிப்பு. ஒருத்தன், ‘டாக்டரம்மா, மீனுக்கு மாத்திரை எழுதிக் குடுங்க’ என்கிறான்.

பதினைந்து வருஷமாக ஒருமுறைகூடத் தண்ணீரில் குனிந்து பார்க்கவில்லையா?

மார்ச் 10, செவ்வாய்
கொக்கிப்படை குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். போங்கடா.

மார்ச் 14, சனி
இரைக்கடை அம்மா கணவாயை வெட்டிக்கொண்டே கேட்டார்: “உன்னைத்தான் விரட்டிட்டாங்களாமே. இருபத்தெட்டுக்கு வருவியா?”

“கடற்கரை என்ன அவர் வீட்டுக் கொல்லையா? வருவேன்.”

“அப்ப கால் கிலோ பத்தாது” என்று அரைக் கிலோவாகக் கட்டினார்.

மார்ச் 27, வெள்ளி
சேனலில் வரணும் என்று இன்னும் ஆசை இருக்கு. எழுதவே வெட்கமாக இருக்கு. இருக்கு.

மார்ச் 28, சனி
வரிசையாக எழுதுகிறேன்.

முப்பது பேர் ராடு போட்டிருந்தார்கள். நான் கடைசியில், பாறைப் பக்கம். இரண்டு மணிக்கு என் தூண்டில் நரம்பு மெதுவாக நகர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. திருக்கை தரையோடு ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பலனில்லை. விறைப்பாகப் பிடித்து நரம்பை விரலால் சுண்டினேன். அதுவும் அவரிடம் கற்றதுதான். நாலாவது சுண்டலில் கிளம்பியது.

கரைக்கு வந்தபோது கூட்டமே ஓடி வந்தது. நான் கையை விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு அகலம். வாலில் முள் இருப்பதால் ஈரத்துணியை வால்மேல் போட்டேன்.

கொக்கியண்ணன் மூச்சு வாங்க நின்றார். நேரில் குள்ளம். “யப்பா! என் சேனல்லயே இவ்ளோ பெருசு வந்ததில்ல! கைப்பிடி போடு தங்கச்சி, தூக்கு, லைவ் போயிட்டிருக்கு!”

கேமராவில் சிவப்பு விளக்கு. ஒரு நொடி விரல் நீண்டது. பொய் சொல்ல மாட்டேன், நீண்டது.

“தூக்க மாட்டேன்ணே. அது மூச்சு விடற ஓட்டை.”

அவர் முகம் மாறியது. “ஓ... நீதானா அது! சரி, நான் தூக்கறேன். நீ பக்கத்துல நின்னு சிரி, போதும்.” குனிந்தார். நான் நடுவில் கையை வைத்தேன்.

“என் ராடுல வந்தது. தொடாதீங்க.”

“தொண்ணூறாயிரம் பேர் பார்க்கறாங்கம்மா!”

“பார்க்கட்டும்ணே. கேமராவைக் கிட்ட கொண்டு வாங்க. ஓட்டை திறந்து மூடறதைக் காட்டுங்க.”

கேமராக்காரர் முழங்காலிட்டார். யாரும் சொல்லாமலே. லென்ஸை அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

“கட் பண்ணுடா!” என்றார் அண்ணன்.

கொக்கியை எடுத்து, திருக்கையைத் தண்ணீருக்குள் நகர்த்திவிட்டேன். இரண்டு சிறகடியில் காணவில்லை. பின்னால் யாரோ ஊளையிட்டார்கள். திரும்பவில்லை.

மார்ச் 29, ஞாயிறு
லைவை அழித்துவிட்டார். ஆனால் அந்தப் பத்து விநாடியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் அந்த ஓட்டை. பாதிப் பேர் திட்டுகிறார்கள். ‘விளம்பரப் பைத்தியம்’ — சரி, இருக்கட்டுமே.

என் பதினொரு போட்டோவையும் நான் அழிக்கவில்லை. ‘இப்படித் தூக்காதீங்க. நான் தூக்கினேன். தப்பு’ என்று எழுதி, பதினொன்றையும் என் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி
நேற்று கொக்கியண்ணனின் புது வீடியோ. திருக்கையை ஈர மணலிலேயே வைத்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு போஸ் கொடுக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டவும் வேண்டாம். முடிச்சு இன்றைக்கும் அவர் முடிச்சுதான் போடுகிறேன். அதையும் மறுக்க மாட்டேன்.

நாளை என் பக்கத்தில் போடப்போவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

‘பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, காலை ஆறு மணி, பாறைப் பக்கம். திருக்கை பிடிக்கிறோம், அகலம் அளக்கிறோம், விடுகிறோம். தலைவர் கிடையாது. என்னைத் திட்டினவங்களும் வரலாம், வந்து கரையில நின்னே திட்டலாம். ஆளுக்கொரு ஈரத்துணி, ஒரு அளவு நாடா. இதை நாலு பேருக்கு அனுப்புங்க. வர்றவங்க கீழே ‘வர்றேன்’னு மட்டும் போடுங்க, எத்தனை ராடுன்னு தெரியணும்.’