அப்பாவோட அமைதி

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், அங்க நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்னு உன் கையால ஒரு வரி வந்தா எங்க சௌக்கியம் முழுசாகும். போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அம்மா எதுக்குப் பேனாவைத் தூக்கினான்னு நீ நினைப்ப. போன்ல நான் ஆரம்பிச்சா அப்புறம் பேசறேம்மான்னு வெச்சிடுவ, மெசேஜ் போட்டா கட்டை விரலைத் தூக்கிக் காட்டற ஒரு பொம்மை வரும், அதோட சரி. பேப்பர்ல எழுதினா நடுவுல வெட்டிட்டுப் போக முடியாதில்ல. அதனால சாப்பிட்டு முடிச்சு நிதானமா உக்காந்து படி. அவசரத்துல பாதி படிச்சிட்டு மீதியை நீயா கற்பனை பண்ணிக்காத, அந்தக் குணம் என்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்துச்சு.

வீட்டு சமாசாரம் பெருசா ஒண்ணும் இல்ல. சமையல் ரூம் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சே, ஒருவழியா மாத்தியாச்சு. மாடி வீட்டு டீச்சர் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, போகும்போது அவங்க செடித் தொட்டியெல்லாம் என் தலையில கட்டிட்டாங்க. நீ ஞாயித்துக்கிழமை போன் பண்றதை நிறுத்தினதுக்கப்புறம் எனக்கு பி.பி. தாறுமாறா ஏறிடுச்சு, உன்மேல பழி போடலை, நடந்ததைச் சொல்றேன். எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே பாத்துட்டு, மாத்திரை மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் யார்கூடவும் பேசாம, கையில எதையும் எடுக்காம, சும்மா உக்காருங்கன்னாங்க. நானாவது சும்மா உக்கார்றதாவது! வீட்டுல உக்காந்தா குக்கர் கூப்பிடும், அது ஓஞ்சா காலிங் பெல் கூப்பிடும், அதுவும் ஓஞ்சா உன் நினைப்பு வந்து உக்காந்துக்கும். அப்பதான் ஆஸ்பத்திரியில நான் வேலை பாக்கற பெட்டி ரூம்ல உக்காந்தா என்னன்னு தோணுச்சு.

நீ சின்ன வயசுல எட்டிப் பாத்திருக்க, மறந்திருப்ப. காது பரிசோதனைக்குன்னு சத்தமே புகாம செஞ்ச ரூம், நாலு பக்கமும் கனமான பஞ்சு அடிச்ச சுவர், நான் ரெண்டு கையாலயும் இழுத்தாத்தான் சாத்துற கதவு, ஒரு நாற்காலி, ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல். வர்றவங்க உள்ள உக்காந்து ஹெட்போன் மாட்டிப்பாங்க, நான் வெளியில மெஷின்லேர்ந்து ஒவ்வொரு சத்தமா அனுப்புவேன், கேட்டா அவங்க பட்டனை அமுக்கணும். இருபத்திரெண்டு வருஷமா இதுதான் என் பொழப்பு. ஆனா பாரு, அத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் உள்ள உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டதில்ல. சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஆளை அனுப்பிட்டு, நர்ஸ்கிட்ட அரை மணி கழிச்சு கதவைத் தட்டச் சொல்லிட்டு உள்ள போய் உக்காந்தேன்.

முதல் வாரம் ஒண்ணும் இல்ல, பாலுக்குச் சொன்னோமா, துணியை எடுத்தோமான்னு மனசு ஓடிக்கிட்டே இருந்துச்சு, தட்டினதும் விட்டாப் போதும்னு வெளியில வந்துட்டேன். ரெண்டாவது வாரம் ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு நினைச்சேன். சத்தமே புகாத அந்த ரூமுக்குள்ள எப்படி வரும்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா, பாப்பா, அது என் இதயம். அதுக்கு அடியில இன்னொண்ணு, ‘ஹோ’ன்னு தூரத்துல தண்ணி போற மாதிரி, அது என் ரத்தம் ஓடற சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அம்பத்தாறு வருஷமா ஒரு நிமிஷம் லீவு போடாம, நான் கத்தும்போதும் தூங்கும்போதும், உன்னைப் பெத்தப்பவும், இது எனக்காக வேலை பாத்துக்கிட்டே இருந்திருக்கு, நான் ஒரு தடவைகூட என்ன ஏதுன்னு கேட்டதில்ல. யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம அந்த நாற்காலியிலயே கையைக் கூப்பினேன். நர்ஸ் தட்டினதுகூடத் தெரியலை, பயந்து போய்க் கதவைத் திறந்துட்டா.

அப்புறம் சனிக்கிழமை எப்ப வரும்னு ஆகிப்போச்சு. மூணாவது வாரம் காரணமே இல்லாம அழுதேன். நாலாவது வாரம்தான் ஒண்ணு புரிஞ்சுது, எனக்குள்ள எந்நேரமும் ஒரு வாய் யாருகூடயாவது சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. பால்காரர், ஆபீஸ் கிளார்க், நீ, அதிகமா உங்க அப்பா. நான் பேசாம இருந்தாலும் அது நிறுத்தறதில்ல. அஞ்சாவது வாரம், எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியலை, பத்து மூச்சு இருக்குமா, அந்த வாய் தானா மூடிக்கிச்சு. அந்தப் பத்து மூச்சுல என்ன இருந்துச்சுன்னு என்னால எழுத முடியாது, முயற்சி பண்ணி ரெண்டு பேப்பர் கிழிச்சுப் போட்டாச்சு. வெளியில வந்து பஸ்ல உக்காந்தேன், எதிர்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டிருந்த ஒரு ஆளைப் பாத்து, இவருக்குள்ளயும் அதே மாதிரி ரத்தம் ஓடிக்கிட்டிருக்கேன்னு கண்ணு கலங்கிடுச்சு. என் முகத்தைப் பாத்துட்டு அவர் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார்.

இப்படி நான் பெரிய ஆளாயிட்டேன்னு எனக்கே ஒரு மிதப்பு வந்த நேரத்துலதான் மாப்பிள்ளை எனக்கு போன் பண்ணினார். நீ கோவிச்சுக்காத, அவர் பாவம், தனியா தாங்க முடியாமதான் சொன்னார். வயித்துல வந்தது தங்கலைன்னு சொன்னார் பாப்பா. அஞ்சு மாசம் முன்னாடின்னு சொன்னார். அன்னைக்கு நீ எங்கிட்ட சொல்லாம அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, அப்பாகிட்ட மட்டும் சொன்னியாம். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, சரிம்மா, உடம்பைப் பாத்துக்க, அம்மாகிட்ட குடுக்கறேன்னு சொன்னாராம். அதோட உனக்கு இந்த வீட்டுக்கு போன் பண்ணவே மனசு வரலையாம். எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியும், மாடிப்படி ஏறினியா, நேரத்துக்குச் சாப்பிட்டியா, அன்னைக்கே சொன்னேனேன்னு உன்னையே குத்தவாளிக் கூண்டுல நிறுத்தியிருப்பேன். அதை நினைச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை.

ஆனா அப்பா மேல வந்துச்சு பாரு ஒரு கோவம். அவருக்கு நான் சாமியார்னு பேர் வெச்சிருக்கறது உனக்குத் தெரியுமே. நான் என்ன கத்தினாலும் சிரிச்சுக்கிட்டுப் பேப்பரைப் புரட்டுவார், இப்படி ஒரு நிம்மதி எனக்கு எப்ப வரும்னு நான் பொறாமைப்பட்ட மனுஷன். பெத்த பொண்ணு இதைச் சொல்லி அழும்போதும் அதே சாமியார்தானா, இது கல்லா மனுஷனான்னு பத்திக்கிட்டு வந்துச்சு. பழைய அம்மாவா இருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன். இப்பதான் நான் அமைதியான ஆளாச்சே, அதனால ஒரு வார்த்தை கேக்கலை. மூணு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, சனிக்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ரூம்ல உக்கார வெச்சா அவர் மனசாட்சியே அவரைக் கேக்கட்டும்னு கணக்கு.

உள்ள உக்கார வெச்சு, நான் வெளியிலேர்ந்து பேசினா கேக்கட்டும்னு ஹெட்போனும் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு மைக்ல, எப்படி இருக்கு, உள்ள என்ன தோணுதுன்னு கேட்டேன். பதில் இல்ல. கண்ணாடி வழியா பாத்தா கண்ணை மூடிக்கிட்டு முகம் அவ்வளவு சாந்தமா இருக்கு. எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு, இவருக்கு அஞ்சு நிமிஷத்துல கிடைச்சிடுச்சேன்னு வயிறு எரிஞ்சேன்னா பாத்துக்கயேன். மறுபடி கூப்பிட்டேன், இன்னும் சத்தமா கூப்பிட்டேன். அசையலை. அப்பதான் என் கை, நான் சொல்லாமலே, மெஷின் மேல போச்சு.

கதவைத் திறந்து, கண்ணு முழிச்சு என் முகத்தையே பாத்தவர்கிட்ட, என்ன சத்தம் கேட்டாலும் இந்தப் பட்டனை அமுக்குங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தேன். ‘பூம்’னு தடிச்ச சத்தத்தை நல்லா கூட்டி அனுப்பினேன், டக்குன்னு அமுக்கினார். கொஞ்சம் மெல்லிசான சுருதியில அனுப்பினேன், ரொம்பக் கூட்டினதுக்கப்புறம் யோசிச்சு யோசிச்சு அமுக்கினார். அதுக்கும் மேல, கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம், பொம்பளைங்க குழந்தைங்க பேச்சை வார்த்தையா பிரிச்சுக் காட்டறதே அந்தச் சத்தம்தான், அதை மெஷின் எவ்வளவு தருமோ அவ்வளவும் கூட்டி அனுப்பினேன். அவர் பட்டனைக் கையில வெச்சுக்கிட்டு, அடுத்தது எப்ப வரும்னு சமத்தா காத்துக்கிட்டிருக்கார். என் கையால எத்தனை ஆயிரம் பேருக்கு அந்தச் சார்ட்டுல கோடு போட்டிருக்கேன், அன்னைக்குக் கோடு நேரா வரலை.

கதவைத் திறந்ததும் அவர் சிரிச்சுக்கிட்டே, “ரொம்ப அமைதியா இருந்துச்சு. வீட்ல இருக்கற மாதிரியே இருந்துச்சு”ன்னார்.

முப்பத்தொரு வருஷம் ஆணி பண்ற மெஷினுக்கு நடுவுல நின்ன மனுஷன் பாப்பா. அங்க ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது, எல்லாரும் வாய் அசையறதைப் பாத்தே பேசிப்பாங்க, அப்படியே சிரிப்பாங்க, அப்படியே சண்டை போட்டுப்பாங்க. அந்தப் பழக்கத்துல வீட்டுல என் வாயைப் பாத்துக்கிட்டே சமாளிச்சிருக்கார், என் குரல்தான் தெருக்கோடி வரைக்கும் போகுமே. ஊர்ல இருக்கறவங்க காதையெல்லாம் சோதிச்ச எனக்கு, என்கூடவே படுத்து எழுந்திருக்கற மனுஷன் காது தெரியலை. நாலு வருஷமாவே சரியா கேக்கலைன்னு அப்புறம் அவரே ஒத்துக்கிட்டார். கேக்காததை நிம்மதின்னு நினைச்சுக்கிட்டு நாலு வருஷமா பொறாமைப்பட்டிருக்கேன். சாந்தமா இருக்கணும்னு வாயை மூடாம, நேரா கேட்டிருந்தா மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். நீ ரொம்ப நேரம் பேசினியாம், அழற மாதிரி இருந்துச்சாம், வார்த்தை ஒண்ணும் பிரியலையாம். நீ வேற வீடியோவுல முகம் காட்டிப் பேசற ஆள் இல்ல, நடந்துக்கிட்டே பேசுவ. திரும்பச் சொல்லும்மான்னா திரும்ப அழுவாளேன்னு, போனைக் காதுல அழுத்தி வெச்சுக்கிட்டு நின்னாராம். நீ வீட்டை நினைச்சு அழறன்னு நினைச்சுக்கிட்டு, எப்பவும் போனை வைக்கும்போது சொல்றதையே சொன்னாராம். நாலு வருஷமா ஏன் மறைச்சீங்க, நான் என்ன வேத்து ஆளான்னு கேட்டேன். அவர் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னார், “தெரிஞ்சா நீ அவகிட்ட சொல்லுவ. அவ உன்கிட்ட பேசிட்டு வெச்சிடுவா. வாரா வாரம் அஞ்சு நிமிஷம் எனக்குன்னு பேசிக்கிட்டிருந்தாளே, அது போயிடும்னுதான்.”

நான் அந்த நோயாளி நாற்காலியிலயே உக்காந்துட்டேன். ஒரு வார்த்தை கேக்காத அஞ்சு நிமிஷத்துக்காக ஒரு மனுஷன் வாரம் பூரா காத்திருந்திருக்கார். பெட்டிக்குள்ள என் ரத்தம் ஓடறதைக் கேட்டு அதிசயப்பட்டேனே, இது என் வீட்டுக்குள்ளயே, எனக்குப் பக்கத்துலயே, எனக்குத் தெரியாம இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருந்திருக்கு. அவரைக் கும்பிடணும் போல இருந்துச்சு, கும்பிட்டா சிரிப்பார்னு விட்டுட்டேன்.

காதுல மாட்டற மெஷின் வந்து பத்து நாள் ஆச்சு. முதல் நாள் பேப்பரைப் புரட்டினவர் திடுக்கிட்டுக் கீழ வெச்சுட்டார், பேப்பருக்கு இவ்வளவு சத்தமான்னார். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுட்டு இவ்வளவு வேகமாவா நடப்பன்னார். தினமும் காலையில என் போனை வாங்கி, நீ எனக்கு அனுப்பின பழைய வாய்ஸ் மெசேஜையெல்லாம் ஒண்ணொண்ணா போட்டுக் கேக்கறார். மொத நாள் கேட்டதும் நிமிர்ந்து பாத்து, யாருடி இது, குரல் பெரிய மனுஷி குரலா இருக்கேன்னார். நீ கிளம்பிப் போனப்ப இருந்த குரலையே அவர் இத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்திருக்கார். ஒரு மெசேஜை நாலு தடவை போடறார், வார்த்தை பிடிபட்டதும் எங்கிட்ட வந்து ஒப்பிக்கறார், சரியான்னு கேக்கறார், பக்கத்து வீட்டுக்காரி கல்யாணத்துக்கு என்ன குடுக்கறதுன்னு நீ கேட்டதெல்லாம் இப்ப அவருக்கு மனப்பாடம்.

இப்ப முக்கியமானது. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போதே, நீ அழுதது எதுக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திட்டார். நீ சொல்லாத, அவ எங்கிட்டதானே சொன்னா, அவளே சொல்லட்டும், நான் கேக்கறேன்னுட்டார். எந்த சமாசாரமும் பத்து நிமிஷம் தங்காத என் வயித்துல இது மூணு வாரமா தங்கியிருக்கு, பெட்டி ரூம்ல உக்காந்து நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்னு வெச்சுக்கயேன். இந்த லெட்டரையும் அவர் இல்லாத நேரத்துலதான் எழுதறேன். உன்னை அவசரப்படுத்தலை. திரும்பச் சொல்லத் தெம்பில்லைன்னா சும்மா கூப்பிட்டு சாப்பிட்டியாப்பான்னு கேளு, அதுவே அவருக்குப் போதும். நான் அந்த நேரத்துல பக்கத்துல இருக்க மாட்டேன், செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிடுவேன்.

உடம்பு தேறுற வரைக்கும் கனமா எதையும் தூக்காத, டாக்டர் குடுத்த மாத்திரையை விட்டுடாத, இது அறிவுரை இல்ல, ஞாபகப்படுத்தறேன். மாப்பிள்ளைக்கும் மனசுல வலி இருக்கும், அவரையும் பாத்துக்க. நீங்க ரெண்டு பேரும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் நல்லா இருக்கணும்.

ஞாயித்துக்கிழமை மெதுவா, போனுக்குப் பக்கத்துல வந்து பேசு. உன் அப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது பாப்பா, நீ சொல்லித்தான் தெரியணும்.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைச்சுக்கிட்டிருக்கற
அம்மா