கோட் போடாத சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

உங்கள் நினைவு மலரில் மிஞ்சிய பிரதிகள் ஒரு பெட்டி நிறைய என் மேசைக்கு அடியில் கிடக்கின்றன. சித்தி எடுத்தெடுத்துப் பார்த்து அழுகிறார் என்று அம்மா இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். அறை முழுக்க அச்சு மை வாசம். படிக்க உட்கார்ந்தால் மை, படுத்தால் மை. உயிரோடு இருந்தபோதும் என்னை வீட்டுப்பாடம் செய்ய விடவில்லை, போன பிறகும் விடுவதாயில்லை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்க வேண்டும். அட்டைக்கு ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு படம், சித்தப்பா! நாங்கள் இருக்கிற லாங்கன்தாலில் யாருக்குக் கலியாணம், யார் மகள் பெரியவளாகிச் சாமத்தியவீடு, யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கமெராவோடு நின்றவர் நீங்கள். எல்லார் வீட்டு ஆல்பமும் நீங்கள் எடுத்ததுதான். அதனாலேயே எதிலும் நீங்கள் இல்லை. இரண்டு நாள் தேடினோம். ஒன்றில் உங்கள் முழங்கை கிடைத்தது. இன்னொன்றில், கேக்குக்குப் பின்னால், நெற்றி. கடைசியில் சித்தி உங்கள் வதிவிடப் பெர்மிட் அட்டையை எடுத்துத் தந்தார். சிரித்தால் சுவிஸை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தவர்போல் நீங்கள் முறைத்துக்கொண்டிருக்கிற அந்தப் படம்.

பாசல் நகரில் மலர் அடிக்கிற அண்ணை தன் வழக்கப்படி அதற்கு ஒரு கோட்டும் டையும் மாட்டி அனுப்பினார். அவரிடம் ஒரே ஒரு கோட்தான் இருக்கிறது போல. போன வருடம் போய்ச்சேர்ந்த பெரிய மாமாவும் அதே கோட்டில்தான் போனார். தொழிற்சாலையின் நீலச் சட்டையைத் தவிர வேறொன்றில் நாங்கள் உங்களை அதிகம் கண்டதில்லை. இப்போது உங்கள் தலைக்குக் கீழே யாரோ ஒரு வங்கி மனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"வடிவா இருக்குத்தானே?" என்றார் அப்பா.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆர் இது?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். உங்களுடைய ஒழுங்கான படம் ஒன்று இந்த உலகத்தில் இருந்திருக்க வேண்டும். அதை எடுத்திருக்க வேண்டியவள் நான்.

போன கோடையில் சித்தியின் தங்கை வீட்டுச் சாமத்தியவீட்டுக்கு நோர்வே போனோமே, அதன் மறுநாள். மலையிடுக்கில் கடல் புகுந்த ஃபியோர்ட் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள்.

"சித்தப்பா, வானம் வெளிச்சா எங்கடை ஜன்னலிலையே அல்ப்ஸ் தெரியும். சுவிஸிலையிருந்து மலை பாக்க வெளிக்கிட்ட ஆக்கள் நாங்கள் மட்டும்தான்."

"எங்கடை மலைக்குக் காலடியிலை கடல் இருக்கோ? வாயை மூடிக்கொண்டு ஏறு."

மலை உச்சியில் தொடங்கி அடிவாரத்துக் கிராமம் வரை ஃபியோர்டுக்குப் போகிற ரயில் வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு நிமிடம் பிந்திப் புறப்பட்டதற்கு, சுவிஸ் ரயிலின் சொந்தக்காரர் மாதிரி முணுமுணுத்தீர்கள். வழி நெடுகச் சுரங்கங்கள். ஒவ்வொரு சுரங்கத்தின் இருட்டிலும் உங்கள் மடியில் இருந்த டப்பாவில் ஒரு மீன் கட்லட் குறைந்தது. வெளிச்சம் வந்ததும் நீங்கள் டப்பாவைப் பார்ப்பீர்கள், நான் வாயை அசைக்காமல் இயற்கையை ரசிப்பேன்.

"பொறு பிள்ளை, உனக்கு ஒருநாள் இருக்கு" என்றீர்கள். உங்கள் தேநீரில் நான் உப்புப் போட்ட நாளிலிருந்து சொல்லிவந்த அதே வசனம்.

பாதி வழியில், ஒரு பெரிய நீர்வீழ்ச்சிக்கு முன்னால், படம் எடுப்பதற்கென்றே ரயில் ஐந்து நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கினோம். நீங்கள் சீப்பை எடுத்துத் தலையை வாரி, ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் போய் நின்றீர்கள்.

"உன்ரை ஃபோனிலை என்னை ஒண்டு எடு. எல்லாற்றை படமும் நான்தான் எடுக்கிறன், என்ரை ஒண்டும் இல்லை. ஒண்டே ஒண்டு. ஒழுங்கா எடு."

இத்தனை பேர் இருக்க, போயும் போயும் என்னிடமா சித்தப்பா கேட்பது? அறிவு வேண்டாமா?

கமெராவை என் பக்கம் திருப்பி, நாக்கை நீட்டிக்கொண்டு முப்பது படம் எடுத்தேன்.

"எடுத்தாச்சோ, பிள்ளை?"

"இன்னும் ஒண்டு! வயித்தை எக்குங்கோ, சித்தப்பா!"

விசில் ஊதினார்கள். ரயிலில் ஏறியதும் ஃபோனை வாங்கி முப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அழி."

"அழிச்சிட்டன்."

பிறகு என் காதைப் பார்த்தீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் பாசலில் குத்தி, தலைமுடியால் மூடி வைத்திருந்த மூன்றாவது தோடு. நீர்வீழ்ச்சிக் காற்று முடியைத் தூக்கிக் காட்டிவிட்டிருந்தது.

"கொம்மாக்குத் தெரியுமோ?"

நான் முடியை இழுத்துக் காதை மூடினேன்.

"அப்ப நானும் காணேல்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

கீழே, ஒரு தெருவும் ஒரு படகுத்துறையுமாக இருந்த அந்தக் கிராமத்தில், இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் அசையாத கடல். உங்களைச் சமாதானப்படுத்த வேண்டும் எனக்கு. "இவ்வளவு தூரம் கடல் ஏன் உள்ளுக்கை வந்து நிக்குது, சித்தப்பா?"

"அதுவும் எங்களை மாதிரித்தான். அகதியா அசூல் கேட்டு வந்து நிக்குது."

"பெர்மிட் குடுத்திட்டாங்களோ?"

"இன்னும் பதில் வரேல்லை. அதுதான் அசையாமல் நிக்குது."

அப்போதுதான் சிரித்தீர்கள். திரும்பும்போது ஒழுங்காக எடுக்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். திரும்பும்போது மலை முழுக்கப் பனிப்புகார். நீர்வீழ்ச்சியின் சத்தம் மட்டும் கேட்டது. "பரவாயில்லை, பிறகு எடுப்பம்" என்றீர்கள்.

பிறகு! இந்த மார்ச்சில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் முணுமுணுக்கிற மனிதர், தான் மட்டும் இவ்வளவு முந்திப் புறப்பட்டால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

"அழிச்சிட்டன்" என்றது பொய், சித்தப்பா. அழிக்கச் சோம்பல், பஞ்சியில் விட்டதுதான், வேறொன்றுமில்லை. அந்தக் கோட்டுப் படம் வந்த அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். முப்பதிலும் முன்னால் என் நாக்கு. பின்னால், தோளுக்கு அப்பால், நீங்கள். முதலாவதில் வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறீர்கள். பத்தாவதில் காலரைச் சரிபண்ணுகிறீர்கள். இருபதாவதில் வாய் திறந்திருக்கிறது, "எடுத்தாச்சோ" என்கிறீர்கள். கடைசிப் படத்தில் என்னை மறந்துவிட்டீர்கள். தலையை அண்ணாந்து தண்ணீரைப் பார்க்கிறீர்கள். முகமெல்லாம் துளி. வயிறு தன் பாட்டில் வெளியே வந்திருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பை நீங்கள் யாருக்கும் காட்டியதில்லை.

அந்தக் கடைசிப் படத்தைச் சித்தியிடம் கொண்டுபோனேன். "இதுதான் என்ரை மனுசன்" என்றார்.

பாசல் அண்ணை தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "பிள்ளை, உம்மடை முகத்தை வெட்டலாம். காதையும் வெட்டினா அவற்றை தோள் போயிடும். என்ன செய்யிறது? கோட்டைப் போட்டு மறைக்கட்டோ?"

சித்தி ஃபோனை என்னிடமிருந்து வாங்கினார். "தம்பி, கோட்டைக் கழட்டும். காது இருக்கட்டும்."

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் எல்லார் கையிலும் மலர். அட்டையில் அண்ணாந்து சிரிக்கிற நீங்கள், உங்கள் தோளோரம் மூன்று தோட்டோடு ஒரு காது. "இது ஆற்றை காது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருவருக்கு, "நோர்வேக்காரி ஒருத்தி குறுக்கை வந்திட்டா" என்றேன். இன்னொருவருக்கு, "அச்சுப் பிழை" என்றேன். கடைசியில் அம்மா வந்தார். அட்டையைப் பார்த்தார். என் தலைமுடியை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"சித்தப்பாக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அம்மா முடியைத் திரும்ப இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்துதான் ஏச்சு விழுந்தது. எனக்கு ஒருநாள் இருக்கு என்று இத்தனை வருடமாகச் சொன்னீர்களே, அந்த நாளுக்கு ஊரையே கூட்டிவைத்துப் பழி தீர்த்துவிட்டீர்கள்.

மற்ற இருபத்தொன்பது படங்களும் ஃபோனில் இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் ரயிலில் சில நேரம் தள்ளிப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் நான் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் நீங்கள் பொறுமையாக நின்று கேட்கிறீர்கள்.

ஓம், சித்தப்பா. எடுத்தாச்சு.