லிங்கராஜ் விற்காத மூன்று காற்றாலைகள்

ஜூலை 3
மகள் பிரித்திகா பூனாவிலிருந்து வந்திருக்கிறாள். விண்மீன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு 26ஆம் தேதி அங்கே வாய்மொழித் தேர்வு. நம் கடலைமிட்டாய்க் கடையில் வியாபாரத்தைவிட என் பேச்சுதான் அதிகம்: “ரெண்டு கேலக்ஸி உரசுனா தீப்பத்தும். எம்பிள்ள அதத்தான் எண்ணுதா.” தீப்பெட்டி செய்கிற ஊருக்கு அப்படித்தானே சொல்ல முடியும்?

“உரசவே வேண்டாம்ப்பா” என்றாள். “பக்கத்துல வந்து போனாலே வாயு நெருக்குப்பட்டு, புது நட்சத்திரம் கும்பல் கும்பலாப் பிறக்கும். அதுல பெருத்ததெல்லாம் சீக்கிரமே வெடிச்சுச் செத்துரும். அதுதான் சூப்பர்நோவா.”

பெருத்தது சீக்கிரம் போகும் என்றதும் என் தொப்பையைத் தடவிக்கொண்டேன்.

ஜூலை 5
பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நெருங்கிய கேலக்ஸி ஜோடிகளில் நட்சத்திரப் பிறப்பு கூடியிருக்கிறதாம். வெடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லையாம். தூசி மறைத்திருக்கும் என்கிறாள். தூசியைத் தாண்டிப் பார்க்கும் அகச்சிவப்புப் படங்கள் இன்னும் வரவில்லை.

“அதுலயும் இல்லேன்னா?”

“அஞ்சு வருஷ வேல போச்சு.”

எனக்கு ஏன் இந்த வாய்?

ஜூலை 9
பஸ்ஸில் கயத்தாறு போனேன். மேல்காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்தது. அங்கே லிங்கராஜ் அண்ணாச்சிக்குச் சொந்தமான எட்டுக் காற்றாலையில் ஐந்துதான் இருந்தன! ஊர் திரும்புவதற்குள் நாலு பேரிடம் சொல்லியாயிற்று — மூன்றை விற்றுவிட்டார் என்று. காரணம் கேட்டார்கள். கடன் என்று நானே சேர்த்தேன்.

ஜூலை 11
லிங்கராஜ் கடைக்கே வந்துவிட்டார். “ஏன்வே, மூணு காத்தாடிய வித்துட்டேன்னீராமே? சம்பந்தி வீட்ல கேக்காவ! எட்டும் அங்கனதான் நிக்கு. புழுதி அடங்குன பொறவு போய் எண்ணும்வே!”

அசடு வழிந்தேன். பிரித்திகா சிரித்தாள், வந்ததிலிருந்து முதல்முறையாக. “எண்ணுனது அஞ்சு, இருக்கது எட்டு. எங்க சிக்கலும் இதேதான்ப்பா.”

ஜூலை 14
படம் வரவில்லை. நான் வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று மனைவி ராமலட்சுமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 18
வந்துவிட்டது! “அப்பா, உங்க காத்தாடி மாதிரி மூணு இல்ல, பதினொண்ணு!” தூசிக்குப் பின்னால் பதினொரு வெடிப்பு ஒளிந்திருந்திருக்கிறது. ராமலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதாள். நான் அழவில்லை — சரி, கொஞ்சம்.

ஜூலை 26
மதியம் பூனாவிலிருந்து போன். தேறிவிட்டாள். ஏன் எண்ணிக்கை குறைந்தது என்றுதான் முதலில் கேட்டார்களாம். காற்றாலைக் கதையைச் சொன்னாளாம். “உங்க பேரச் சொல்லலப்பா. ஊர்க்காரர் ஒருத்தர்னேன்.” அப்பாடா!

ஜூலை 28
இரண்டு கிலோ கடலைமிட்டாயோடு லிங்கராஜைப் பார்க்கப் போனேன். நேற்றைய தூறலில் புழுதி அடங்கியிருந்தது. எட்டு. பஸ்ஸை விட்டு இறங்கியும் எண்ணினேன். எட்டேதான்.

ஒன்பதாவதாக ஏதோ கட்டுகிற மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.