நாற்பது அங்குலம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் நூற்றிருபது பள்ளிக்கூடச் சட்டை வெட்டியிருக்கிறேன். கை ஓய்ந்துபோனது. அதற்காக கிளப்புக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். பூல் மேஜையில் இரண்டு பேரைத் தோற்கடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஆடுகிற ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியோடு போட்டி. ஜெயித்தால் இறுதிச் சுற்றில் மோதும் எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. ஆறு வருடமாக அதன் வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை. எனக்கு இருப்பது ஒரே குறைதான். குறுக்கே ஒரு பந்து நின்றுவிட்டால், வெள்ளைப் பந்தை அதன் மேலாகத் தாண்டவைக்க வேண்டும். என் ஸ்டிக் அதற்குத் தோதாக இல்லை, நீளம் அதிகம். குட்டையாக ஒன்று வேண்டும்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். எடை இருபத்தைந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது. முனையில் ஒட்டிய தோல் பதினான்கு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. நீளம் நாற்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. நெட்டைக்குக் கேள்வியே இல்லை, குட்டைக்குத்தான் கட்டுப்பாடு. என்னைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பார்கள் போல.

அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய ஸ்டிக்கை எடுத்து, ஒரு சீட்டில் 40 என்று எழுதிக் கட்டி, என் வீட்டுக்காரர் செருப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். ஜன்னல் சட்டம் பொருத்துகிற மனிதர். வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 5, வியாழன்

வெட்டிக் கொண்டுவந்துவிட்டார். அடியில் ரப்பரைக்கூடத் திரும்ப ஒட்டியிருக்கிறார். கழுத்தில் கிடந்த டேப்பை வைத்துப் பார்த்தேன். அச்சாக நாற்பது.

கிளப்பில் எட்டுத் தடவை தாண்டவைத்தேன். ஏழு தடவை பந்து குழிக்குள். எட்டாவது தவறியதற்கு மேஜைதான் காரணம்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழுக்கு ஆறு. நான்!

ஆறுக்கு ஆறு என்று நின்றது. கடைசி ஆட்டம். நான் அடிக்க வேண்டிய பந்தை மறைத்துக்கொண்டு ஒன்று நந்தி மாதிரி நிற்கிறது. நர்ஸ் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துவிட்டாள். இந்தப் போட்டியில் குட்டை ஸ்டிக்கை அப்போதுதான் முதன்முதலாக உறையிலிருந்து எடுத்தேன். வெள்ளைப் பந்து துள்ளித் தாண்டி, பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு நின்றது. மீதியை நான் கண்ணை மூடிக்கொண்டே அடித்திருப்பேன்.

நர்ஸ் கை கொடுத்தாள். “நல்லா ஆடினீங்க அக்கா.” அவள் முகம் வாடித்தான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

தையல் கூடத்தில் பதினோரு பேரிடம் சொன்னேன். டீ கொண்டுவருபவரிடம் இரண்டு தடவை.

மார்ச் 13, வெள்ளி

இறுதிச் சுற்றுக்கு முன் எல்லோருடைய ஸ்டிக்கையும் சோதிப்பார்கள். சங்கச் செயலாளர் தராசும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நீள ஸ்டிக் பாஸ். குட்டையை ஸ்கேலில் கிடத்தினார். மறுபடி கிடத்தினார்.

முப்பத்தொன்பது.

இதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை வைத்து ஆடுங்கள் என்றார், அவ்வளவுதான். அவர் சத்தம்கூடப் போடவில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து போட்டேன். வெட்டத் தெரியாதவரிடம் கொடுத்தது என் புத்தி என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“நீ நாப்பதுன்னு எழுதினா அது முப்பத்தொம்பதுதானே. இருபது வருஷமா ஒண்ணு கழிச்சுத்தானே வெட்டுறேன்.”

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்தேன். என் டேப்பின் முதல் அங்குலம் எப்போதோ இஸ்திரிப் பெட்டியில் கருகி, வெட்டிப் போட்டாயிற்று. ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். எதை அளந்தாலும் ஓர் அங்குலம் கூட்டித்தான் காட்டும். திரைக்கம்பிக்கோ பலகைக்கோ நான் அளவு எழுதிக் கொடுத்தால், அவர் ஒன்றைக் கழித்துவிட்டு வெட்டுவார். ஆனால் இந்த நாற்பதை நான் டேப்பில் அளக்கவே இல்லை. புத்தகத்தில் பார்த்து எழுதினேன். அது அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, வெட்டி வந்த பிறகு அளந்தேனே — நாற்பது என்று காட்டியதே! துணியாக இருந்தால் என் கை தானாகக் கழித்திருக்கும். ஸ்டிக் என்றதும் கழிக்க மறந்துவிட்டது. அவர் கழிக்கக் கூடாத இடத்தில் கழித்தார். நான் கழிக்க வேண்டிய இடத்தில் கழிக்கவில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. இன்று சொல்ல முடியாது.

மார்ச் 14, சனி

இரண்டு காலரைத் தப்பாக வெட்டினேன். நான்!

நர்ஸோடு ஆடிய அந்தக் கடைசி ஆட்டம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பது அங்குலமாக இருந்தாலும் தாண்டவைத்திருப்பேன். சத்தியமாகத் தாண்டவைத்திருப்பேன். ஆனால் தாண்டவைத்தது முப்பத்தொன்பதை வைத்துத்தானே?

செயலாளரைப் போய்ப் பார்த்தேன். நடந்தது நடந்ததுதான், யாரும் புகார் சொல்லவில்லை என்றார். “யாரும் கேக்காததை நீங்களே ஏன் கிளறுறீங்க?”

அதையேதான் வழியெல்லாம் நானும் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஏன் கிளறுகிறேன்? நான் அந்த மேஜையில் மிக நன்றாக ஆடுகிறவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாதவளுக்கு ஏன் பயம்?

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் வேலை முடிந்து வார்டுக்கு வெளியே செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டேப் கதையைக் கேட்டுச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“தெரிஞ்சேவா பண்ணீங்க?”

“தெரிஞ்சிருந்தா இப்ப இங்க வந்து நிப்பேனா?”

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். பிறகு, ஆறுக்கு ஆறுவரை நியாயமாகத்தான் நடந்தது, அந்தக் கடைசி ஆட்டத்தை மட்டும் திரும்ப ஆடலாம் என்றாள். அவளுக்கும் இறுதிச் சுற்று என்றால் ஆசைதானே. மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வியாழக்கிழமை, ஒரே ஆட்டம்.

வீட்டில் அவர், நான் கேட்காமலேயே, வேறொரு ஸ்டிக் வாங்கி வெட்டி வைத்திருந்தார். ஸ்டீல் ஸ்கேலில் நாற்பதேகால். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வராது. “அன்னிக்கு அவ்வளவு பேசியிருக்க வேண்டாம்” என்றேன். “பேசாம இருந்தா உனக்கு உடம்பு சரியில்லைன்னு பயந்திருப்பேன்” என்றார்.

புது ஸ்டிக்கில் பத்துக்குப் பத்து. நாளை மறுநாள் நர்ஸ் பாவம்.

மார்ச் 19, வியாழன்

காசு சுண்டினார்கள். முதல் அடி நர்ஸுக்கு.

அடித்தாள். பந்துகள் சிதறின, ஒன்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். நான் நாற்காலியில் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு, என் முறை வர ஒரு தடவை தவறட்டும், ஒரே ஒரு தடவை என்று உட்கார்ந்திருந்தேன். தவறவில்லை. கடைசிப் பந்தான ஒன்பதாவதும் குழிக்குள் போனது.

முடிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவே இல்லை. ஒரு அடி — ஒரு அடிகூட அடிக்கவில்லையே.

கை கொடுத்தேன். பஸ்ஸில் ஏறியதும் அழுதேன். எழுதி வைக்கிறேன், அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

யாராவது ஆறுதல் சொன்னால் கத்தரியை எறிவேன்.

மார்ச் 22, ஞாயிறு

இறுதிச் சுற்றைப் பார்க்கப் போனேன். அவரும் கூட வந்தார். நர்ஸ் முதல் போட்டியிலேயே ஏழுக்கு நான்கில் போய்விட்டாள். எதிரே நின்ற ஆள் பெரிய கொம்பன் ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் ஊதித் தள்ளியிருப்பேன். வயிறு எரிந்தது. கையும் தட்டினேன், இரண்டும் உண்மை.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் இடத்தை வீணாக்கிவிட்டேனா என்று கேட்டாள்.

“அது உன் இடம்” என்றேன். சொன்ன பிறகுதான் அதை நான் நம்புகிறேன் என்று தெரிந்தது.

ஜூன் 7, ஞாயிறு

புதுப் பருவம், முதல் போட்டி. எதிரே வங்கியில் வேலை பார்ப்பவர், கிளப்பில் எல்லோரும் பயப்படுகிற ஆள். இந்த வருடம் முதல் சுற்றிலேயே, எதிராளி கேட்டால் ஸ்டிக்கை அளக்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். யாரால் மாறியது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

செயலாளர் ஸ்கேலை நீட்டினார். வங்கிக்காரர் வாங்கவில்லை. “இவங்க ஸ்டிக்கையா? வேண்டாங்க. இவங்களை நம்பாம வேற யாரை நம்புறது?”

சொல்வதற்கென்ன, குளிர்ந்துதான் போனேன். ஆனாலும் உறையைத் திறந்து இரண்டு ஸ்டிக்கையும் மேஜைமேல் வைத்தேன்.

“அளங்க சார். நானும் என்னை நம்பித்தான் ஏமாந்தேன்.”

ஸ்கேலை வாங்கி அளந்தார். நாற்பதேகால். ஏழுக்கு மூன்றில் ஜெயித்தேன்.