அஞ்சலை அக்காவின் வாரக்கோழி

ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் சுவரோடு சுவராக இருந்த என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மழையா வெயிலா தெரியல. இங்க காலையிலிருந்து ஊத்துது. கித்தா மரமெல்லாம் நனஞ்சு கிடக்கு, இன்னைக்கு ரப்பர்பால் வெட்டு இல்லன்னு சொல்லி, பேர் கூப்பிடற பெரட்டுல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் உக்காந்து எழுதறேன். ஊருக்குப் போடற உன் கடுதாசியெல்லாம் நான்தானே எழுதிக் குடுப்பேன். நீ சொல்லச் சொல்ல எழுதுவேன். இப்ப சொல்றதுக்கு நீ இல்ல. நானே சொல்லி நானே எழுதிக்கறேன். பிழை இருந்தா இருக்கட்டும். உனக்கு எழுத்தே தெரியாது, நீ என்ன கண்டுபிடிக்கப் போற? வேற யாராவது படிச்சாலும் படிச்சிட்டுப் போகட்டும்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் அக்கா. இந்தக் கோழி வளக்கறதை விட்டுடட்டுமா?

கோவிச்சுக்காத. முழுசாக் கேளு.

கருவாச்சியை நீ எங்கிட்ட வாரத்துக்கு விட்ட அன்னைக்கு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது அப்ப சின்னப் பெட்டை. ரெண்டு றெக்கையையும் சேத்துப் பிடிச்சு எம் மடியில வச்சிட்டு, "கோழி என்னுது, தீனி உன்னுது, குஞ்சு பாதிக்குப் பாதி. வாரம்னா வாரம்தான் தேவான, அக்கா தங்கச்சின்னு பாக்க மாட்டேன்"ன்னு சொன்ன. நான் சிரிச்சேன். ஊர்ல ஆடு மாடு வாரத்துக்கு விடுவாங்க, ஒத்தக் கோழிக்கு இத்தனை பேச்சான்னு கேட்டேன். நீ சிரிக்கல.

அந்தக் கோழி வளப்பு எப்படி நடந்துச்சுன்னு இப்பதான் எனக்குப் புரியுது. நான் பால்மரம் வெட்டுறவ, இருட்டோட போயிருவேன். நீ புல்லு வேலை, பொழுது வெளுத்த பின்னாடிதான் போவ. அதனால காலைல பஞ்சாரத்தைத் தூக்கி கோழியைத் திறந்து விடறது நீ. மத்தியானம் நான் வந்து குருணை போட்டு, சாயங்காலம் திரும்பவும் கவுத்துறது நான். வளக்கறது முழுக்க நான்தான்னு நினைச்சிட்டு இருந்தேன். பாதி வேலை நீ பாத்திருக்க.

நீ போன பிறகு பஞ்சாரத்தைத் திறக்க ஆள் இல்ல அக்கா.

நான் போற நேரத்துல திறந்தா வெளியில கும்மிருட்டு. மூசாங் சுத்துற நேரம், நம்ம ஊர் மரநாய் மாதிரி அது. கோழிக் கழுத்தைத்தான் முதல்ல பிடிக்கும். திறக்காம போனா, நான் வர்ற வரைக்கும் தண்ணி இல்லாம உள்ளயே கிடந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. ஒரு கல்லை முட்டுக் குடுத்து கொஞ்சம் சந்து விட்டுட்டுப் போனேன், வெளிச்சம் வந்தா அதுவே வெளிய வரட்டும்னு. கோழி வெளிய வர்ற சந்துல மூசாங் உள்ள போகாதா? போச்சு. வந்து பாத்தா வாசல் முழுக்க றெக்கை.

அந்தப் பக்கத்து வீட்டு பாக்கியம் இருக்காளே, அவளும் புல்லு வேலைதான், அவகிட்டயும் கேட்டுப் பாத்தேன். "கொஞ்சம் பஞ்சாரத்தைத் தூக்கி விட்டுட்டுப் போ தாயி"ன்னேன்.

"எதுக்கு? தூக்கி விட்டா நேரா எங்க கீரைப்பாத்திக்கு வரும். எங்கீரை எல்லாம் உங்கோழி வயித்துலதான் இருக்கு. கோழியை நான் தின்னாத்தான் என் கீரை எனக்குத் திரும்பி வரும்"ன்னா. உண்மையைத்தானே சொன்னா. ஒரு நாள் திறப்பா, மறுநாள் மறந்துட்டேம்பா. திறந்த நாள்ல பருந்து வந்து குஞ்சைத் தூக்கிட்டுப் போகும்.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி உனக்குத் தெரியும். "நீ கோழி வளக்கிறியா, கோழி உன்னை வளக்குதா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. முட்டையைப் பொரிச்சு வச்சா மட்டும் வாயைத் திறக்கறதில்ல.

இதெல்லாம் பெரிசில்ல. உன் செவப்புத் துணிதான் என்னைப் பாடாப் படுத்திடுச்சு.

குஞ்சு கொஞ்சம் தலையெடுத்ததும் உன் பங்கைப் பிரிச்சு, உன் செவப்புச் சேலை ஓரத்தைக் கிழிச்சு ஒவ்வொண்ணு கால்லயும் கட்டுவியே. கால் பெருக்கப் பெருக்க நீயே பிடிச்சு, அவுத்து, தளத்திக் கட்டுவ. அப்படிக் கட்டும்போது எங்கிட்ட பேசக் கூட மாட்ட, எண்ணிக்கிட்டு இருக்கேன்னு கையைக் காட்டுவ. அந்தச் சேலையைத்தான் உனக்குக் கட்டி அனுப்பினோம். அதுக்கு மேல செவப்பு இல்ல.

கோழிக்குக் கால் பெருக்கறது நிக்குமா? உன் பங்குல முட்டைக்கு வராத ஒரு வெடைக்கோழி நொண்ட ஆரம்பிச்சுச்சு. பிடிச்சுப் பாத்தா துணி சதைக்குள்ள போயிருக்கு. எனக்குத் தெரியாதா, அவுக்கணும்னு? முடிச்சுல கை வைப்பேன், எடுத்துடுவேன். அவுத்துட்டா எது உன் கோழி எது என் கோழி? நீ கட்டின முடிச்சு அக்கா. உன் கை பட்ட முடிச்சு வேற எதுவும் எங்கிட்ட இல்ல. நாளைக்கு அவுக்கலாம், நாளைக்கு அவுக்கலாம்னு விட்டுட்டு, அது நொண்டறதைப் பாத்து நானும் அழுவேன். கடைசில எங்க வீட்டுக்காரர் பால்வெட்டுக் கத்தியால ஒரே இழுப்புல அறுத்து விட்டாரு. துணி எங்க விழுந்துச்சுன்னு தேடினேன். கிடைக்கல.

சைக்கிள்ல கூடை கட்டிக்கிட்டுக் கோழி வாங்க வர்ற ராவுத்தர் கூடக் கேட்டாரு. "தங்கச்சி, மொத்தமா குடுத்துரும்மா, நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்"ன்னாரு. பாதி என்னுது இல்ல ராவுத்தரேன்னு சொன்னேன். "செத்தவங்க பங்கை யாரும்மா வந்து கேக்கப் போறாங்க?"ன்னாரு.

கேக்க மாட்டா, அதான் விக்க முடியலன்னேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

ஆஸ்பத்திரியில குளிர்காய்ச்சல் உன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டப்ப, கசப்புக் கொய்னா மருந்தை நீ துப்பித் துப்பி வச்சப்ப, நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பாத்தியே. உன் மக செவந்தியைக் கேப்பன்னு நினைச்சேன். "பஞ்சாரத்தைத் திறந்தியாடி?"ன்னு கேட்ட. திறந்துட்டேன்னு சொன்னேன். "என் மக புள்ளை பெத்தா, பத்தியத்துக்கு என் பங்குக் கோழிதான் போகணும். கடையில வாங்கின கோழி ஆகாது"ன்ன. சரின்னேன். அந்த ஒரு சரிதான் அக்கா. அதுக்குத்தான் இத்தனை நாள் மூசாங்கோடயும் பாக்கியத்தோடயும் மல்லுக்கு நின்னேன்.

நின்னு என்ன ஆச்சு? மழை தொடங்கினதும் வெள்ளைக் கழிச்சல் வந்துடுச்சு. முதல்ல ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டுச்சு. மஞ்சளும் வெங்காயமும் அரைச்சு வாயில ஊத்தினேன், மிளகு குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உனக்கு வேற ஏதாவது தெரியுமோ என்னமோ, கேட்டு வச்சுக்கலயே. ஒண்ணொண்ணா விழுந்துச்சு. உன் பங்கு, என் பங்குன்னு அது பாக்கல. கத்தியால துணி அறுத்த வெடைக்கோழியும் போச்சு. லயத்துக்குப் பின்னால குழி வெட்டிப் புதைச்சிட்டு வந்து பாத்தா, கருவாச்சி மட்டும் மூலையில அடைக்கு உக்காந்திருக்கு. அதை ஒண்ணும் பண்ணல.

"அன்னைக்கே ராவுத்தர் கையில குடுத்திருக்கலாம்"ன்னாரு எங்க வீட்டுக்காரர். குடுத்திருக்கலாம்தான்.

இந்தப் பாடு பட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் சேதி வந்துச்சு. அக்கா, உனக்குப் பேத்தி பிறந்திருக்கா. செவந்தி வாக்கப்பட்ட மெர்போக் பக்கத்துத் தோட்டத்துலேருந்து வந்த வண்டிக்காரர் சொன்னாரு. தாயும் புள்ளையும் சுகம். முதல்ல இதைத்தான் எழுதியிருக்கணும், என் புத்தியெல்லாம் கோழியிலயே இருக்கு.

எனக்குச் சந்தோசப்படத் தெரியல. என்ன கொண்டு போறது? உன் பங்குல ஒத்தக் குஞ்சு இல்ல. "இருக்கிற கருவாச்சியைக் கொண்டு போய்க் குடுத்துடு. குடுத்த வாக்கும் ஆச்சு, உன் தொல்லையும் ஒழிஞ்சுது"ன்னாரு அவரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கோழியே வேண்டாம்னு ஒரு வெறுப்பு அக்கா. காலைல நிம்மதியாப் போய் மரம் வெட்டிட்டு நிம்மதியா வரணும், அவ்வளவுதான் வேணும் எனக்கு.

நேத்து வேலைக்குப் போகல. கங்காணிகிட்ட கேட்டுக்கிட்டு, கருவாச்சியை அடையிலிருந்து தூக்கினேன். கையைக் கொத்து கொத்துன்னு கொத்துச்சு. கூடையில போட்டுத் துணியால மூடி, பீடோங் கடைத்தெரு வரைக்கும் நடந்து, அங்கேயிருந்து மாட்டு வண்டி பிடிச்சேன். வழி முழுக்க கூடைக்குள்ள முனகிக்கிட்டே வந்துச்சு.

செவந்தி உன்னை மாதிரியே ஆயிட்டா. தலையில துணி கட்டிக்கிட்டு, புள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் அழுதா, நானும் அழுதேன். அப்புறம் கூடையைத் திறந்தேன்.

"கருவாச்சியா சித்தி?"ன்னா. ஆசையாத் தூக்கினவ, அதோட வயித்துல கை வச்சதும் அப்படியே நிறுத்திட்டா. றெக்கையை விலக்கிப் பாத்தா. வயித்துல முடி உதுந்து வெறும் தோலு, கொதிக்குது.

"சித்தி, இது அடையில இருந்ததா?"

ஆமான்னேன்.

"அடைகோழியைத் தூக்கிட்டு வந்தீங்களா? அடைகோழியை அறுத்துத் திங்கச் சொல்றீங்க, நேத்துப் பெத்துப் போட்டவளைப் பாத்து?"

உன் குரல் அக்கா. ஒரு மாத்திரை குறையல. உங்கம்மா சொன்னா, உங்கம்மாவுக்கு நான் சரின்னேன், வேற ஒண்ணும் மிச்சமில்லன்னு என்னென்னமோ சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா.

"எங்க மாமியா சுறாக் கருவாட்டைப் புட்டாக்கி வச்சிருக்கு, அது போதும் எனக்கு. நீங்க சாப்பிடக் கூட வேணாம், இப்பவே இதைத் தூக்கிட்டு ஓடுங்க, முட்டை ஆறிடும்"ன்னா. அப்புறம் ஒரு வேலை செஞ்சா. புள்ளைக்கு விரிச்சிருந்த பழைய சேலையில ஓரம் செவப்பு. பல்லால கடிச்சு ஒரு விரக்கடை கிழிச்சு எங்கையில குடுத்தா. "பொரிச்சா என் பங்குக்குக் கட்டுங்க சித்தி. எங்கம்மா வாரத்துக்கு விட்டது, நான் திருப்பி வாங்கல."

கோழியை விட்டுட்டு வரத்தான் அக்கா போனேன். வேண்டாம்னு சொல்ல வாய் வரலையே. பேத்தி மூஞ்சியைக் கூடச் சரியாப் பாக்காம கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன். மூக்கு உன்னுது. அது மட்டும் பாத்தேன்.

வந்து பாத்தா அடையில முட்டை ஒண்ணு கூட இல்ல. சரி, பாம்பு தின்னுடுச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டேன். அப்ப பாக்கியம் துணி மூட்டை ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வர்றா. காலைல வேலைக்குப் போறப்ப பாத்திருக்கா. அவ வீட்டு அடுப்புச் சாம்பல் மேல துணியைச் சுத்தி, அதுக்குள்ள முட்டையை எல்லாம் வச்சிட்டுப் போயிருக்கா. "ஆறிப் போகுமேன்னு வச்சேன். உள்ள உசிரு இருக்கா, வெந்துடுச்சான்னு எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காத"ன்னு சொல்லிட்டு வச்சிட்டுப் போயிட்டா.

"பொரிஞ்சா குஞ்சு, இல்லன்னா பொரியல்"ன்னாரு எங்க வீட்டுக்காரர். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் வந்துச்சு.

முட்டையை அடையில அடுக்கிட்டுக் கூடையைத் திறந்து விட்டேன். கருவாச்சி ஒண்ணையும் கேக்கல. நேராப் போய், மூக்கால முட்டையை எல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு, மேல உக்காந்துடுச்சு. நான் எழுதற இடத்துலேருந்து பாத்தா தெரியுது. கண்ணை மூடறதும் திறக்கறதுமா இருக்கு.

ஒரு பகல் முழுக்கத் தாய் இல்லாம கிடந்த முட்டை பொரியுமா அக்கா? உனக்குத் தெரிஞ்சிருக்கும். லயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பொரிஞ்சாலும் காலைல பஞ்சாரத்தை யார் திறப்பா? பாக்கியம் திறப்பாளா? கேக்கலாமா வேண்டாமா? கீரைப்பாத்தி இன்னும் அங்கயேதான் இருக்கு. கழிச்சல் திரும்பி வந்தா என்ன பண்றது? கோழி வளக்கறதை விட்டுடட்டுமான்னு கேட்டு எழுத உக்காந்தேன், அதுக்கு இன்னும் பதில் இல்ல. நீ இருந்தா ஒரு அதட்டு போட்டுருப்ப, எனக்கும் யோசிக்கற வேலை இருந்திருக்காது.

செவந்தி குடுத்த துணியை என் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு பொரிஞ்சாலும் அது உன் பங்கு. அதோட கால்ல கட்டிடுவேன். கால் பெருத்தா விட்டுட மாட்டேன் அக்கா. பிடிச்சு, அவுத்து, தளத்தி, திரும்பக் கட்டுவேன். எத்தனை தடவை ஆனாலும் என் கையாலயே அவுப்பேன். இது சத்தியம்.

உன் வாரக்காரி, கூடப் பொறக்காத தங்கச்சி,
தெய்வானை